எட்டு வயது மகளின் பல்வரிசை சீராக இல்லை: இப்போதே கிளிப் போட வேண்டுமா?

மகளின் மேல் முன்பற்களுக்கு நடுவே சந்து இருக்கிறது, கீழ்ப்பற்கள் நெருக்கி முளைக்கின்றன, இவை எவ்வகைக் கோளாறுகள், உடனே கிளிப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருமங்கலத்தில் பல் மருத்துவம் பார்க்கும் நான், சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பெற்றோரிடமும் இதே கவலையைக் காண்கிறேன்.

அந்தச் சந்து இவ்வயதில் பெரும்பாலும் இயல்பானது. 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அது தானாகவே மூடிக்கொள்வதுண்டு. கீழ்ப்பற்களின் இலேசான நெருக்கமும் அவசரமானதன்று.

உண்மையில் கவனிக்க வேண்டியது, கண்ணில் படாத கடைவாயை. ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் மேலும் கீழும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்தே, அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் கடிக் கோளாறுகளை மூன்றாகப் பிரித்தார்: கடைவாய் சரியாகப் பொருந்தியும் முன்பற்கள் நெருக்கியோ திரும்பியோ இருப்பது முதல்வகை, கீழ்வரிசை பின்தங்கி மேற்பற்கள் எத்துப்பல்லாகத் தெரிவது இரண்டாம்வகை, கீழ்வரிசை முன்னே வந்துவிடுவது மூன்றாம்வகை. இவற்றோடு, மேற்பற்கள் கீழ்ப்பற்களை முழுதாக மறைக்கும் ஆழ்ந்த கடியும், விரல் சூப்பும் பழக்கம் நீடிப்பதால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் திறந்த கடியும் உண்டு.

காத்திருக்கக் கூடாதது, மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உட்புறமாக விழும் குறுக்குக் கடி. அதற்கு ஈடுகொடுக்கத் தாடை ஒருபக்கமாக நகர்ந்து கடிக்கப் பழகினால், வளரும் முகமே கோணலாகக்கூடும். இந்த வயதில் எளிய கருவியால் திருத்த முடிவது, தாடை வளர்ச்சி முடிந்தபின் அறுவைச் சிகிச்சை வரை போகலாம்.

"விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிடுங்கள்" என்று சொத்தையான பால் கடைவாய்ப்பல்லைக் காட்டிச் சொல்லும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அப்பல் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியது. முன்கூட்டியே போனால் பின்னாலிருக்கும் கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்து, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரும் நெருக்கத்தில் பாதி இப்படி நாமே வரவழைப்பது என்பேன். இயன்றவரை சொத்தையை அடைத்துக் காப்பாற்றுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், இடத்தைக் காக்கும் வளையம் பொருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

மகளைக் கடைவாயால் மெல்லக் கடிக்கச் சொல்லிக் கன்னத்தை விலக்கிப் பாருங்கள். எந்த மேற்பல்லாவது உள்ளே விழுந்தாலோ, தாடை ஒருபக்கம் ஒதுங்கினாலோ, இம்மாதமே மதுரையில் ஒரு பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டுங்கள். அப்படி எதுவுமில்லையென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவருவது இப்போதைக்குப் போதும்.