பட்டாளத்துச் சாமியார்

அன்புள்ள ஐயா,

என் தம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன் குருப்பட்டம் பெற்றவன். இப்போது ராணுவத்தில் சமய ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கப்போவதாகச் சொல்கிறான். அம்மா அழுகிறார். எனக்கு வேறு குழப்பம். கொல்லப் போகிறவர்களுக்கு ஆசி வழங்குவது ஒரு குருவின் வேலையா? பட்டாளத்தில் நல்ல குரு என்று ஒருவர் இருக்க முடியுமா?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

இருக்க முடியும். எமில் கபான் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், பில்சன் என்ற சிற்றூரின் விவசாயக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு. கொரியப் போருக்குப் படையோடு போனார், ஆயுதம் இல்லாமல். 1950 நவம்பர் தொடக்கத்தில் வட கொரியாவின் உன்சானில் சீனப் படை அவர்களைச் சூழ்ந்துகொண்டது. தப்பிக்க வாய்ப்பிருந்தும் காயம்பட்டவர்களை விட்டு வர மறுத்துப் பிடிபட்டார். கணுக்கால் முறிந்து கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற சார்ஜென்ட்டின் தலைக்கு நேரே ஒரு சீனச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டியிருந்தான். கபான் நேராக நடந்து போய், அவனை விலக்கிவிட்டு மில்லரைத் தூக்கிக்கொண்டார். சுட நினைத்தவன் ஏனோ சுடவில்லை. 2013இல், இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், கபானுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் அறிவிக்கப்பட்டு வெள்ளை மாளிகையில் விழா நடந்தபோது மில்லரும் அங்கே இருந்தார்.

இந்தத் துணிச்சலைவிட, அடுத்த ஆறு மாதங்கள்தான் என்னை உலுக்குகின்றன. கைதிகள் முகாமில் கடுங்குளிர், பட்டினி, சீதபேதி. கபான் கிடைத்த தகரத்தைத் தட்டிப் பாத்திரமாக்கி நீர் காய்ச்சினார். கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒரு கம்பளியை வாங்கி, அதை வெட்டி மற்றவர்களுக்குக் காலுறை தைத்தார். எழ முடியாதவர்களின் அசுத்தமான துணிகளைத் துவைத்தார், பேன் எடுத்தார். இரவில் உணவு திருடப் போனார். போகுமுன், இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனிடம் வேண்டிக்கொள்வாராம். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. 1951 மே 23 அன்று, 35 வயதில், அந்த முகாமிலேயே இறந்தார். அதன்பிறகு அங்கே கொண்டுவரப்பட்ட ஒரு யூத விமானி, தான் பார்த்தேயிராத இந்தப் பாதிரியாரின் நினைவாக விறகுக்கட்டையில் ஒரு சிலுவையைச் செதுக்கினார். மற்ற கைதிகள் சொல்லக் கேட்டது மட்டுமே அவருக்குப் போதுமாக இருந்தது.

உங்கள் முதல் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. அது நியாயமான கேள்வி. முதல் உலகப் போரில் ஜெஃப்ரி ஸ்டடர்ட் கென்னடி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், முன்னணிக்குப் போகும் சிப்பாய்களுக்கு உட்பைன் சிகரெட் கொடுத்து, 'உட்பைன் வில்லி' என்றே பெயர் பெற்றார். ஆரம்பத்தில் போர் வெறியை மூட்டும் வகையில் பேசவும் செய்தவர். போர் முடிந்தபின் போரையே எதிர்த்தார். ஆக, ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. படையின் பிரசங்கியாக மாறிவிடும் குரு சிப்பாய்க்குப் பயன்பட மாட்டார். 'சாமி, நான் செய்தது பாவமா?' என்று நள்ளிரவில் வந்து கேட்பவனிடம், தலைமையகம் விரும்பும் பதிலைச் சொல்லாதவராக அவர் இருக்க வேண்டும். அதற்கு முன்பு, அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். துணி துவைத்த கைகளுக்குத்தான் அந்த உரிமை கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

நம் ராணுவத்தில் பண்டிட், கிரந்தி என்ற சீக்கிய குரு, மௌல்வி, பாதிரியார், பௌத்தத் துறவி எல்லோரும் நாயிப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரி பதவியில் சமய ஆசிரியர்களாகச் சேர்க்கப்படுகிறார்கள். உங்கள் தம்பியைத் தேடி வருபவர்களில் பலர் அவருடைய மதத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். அவர்களை மதம் மாற்றும் ஆசை மனத்தின் ஒரு மூலையில் இருந்தாலும் அவர் போகக் கூடாது.

விண்ணப்பம் போடுமுன் ஒரு மாதம் ஏதாவது அரசு மருத்துவமனையின் பொது வார்டில், அங்கி இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுக்கு உதவப் போகச் சொல்லுங்கள். அம்மாவையும் ஒருநாள் கூட்டிப்போய், தம்பி அங்கே வேலை செய்வதைப் பார்க்கவிடுங்கள்.

அன்புடன்.