ஒளிவினையூக்கி தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேகத்தைக் கணக்கிட முடியுமா?

சிங்கப்பூரில் கழிவுநீரை மறுபடி சுத்திகரிக்கும் நியூவாட்டர் ஆலையில் புற ஊதா விளக்கு இருக்கிறதே, அதோடு டைட்டானியம் டை ஆக்சைடு என்ற ஒளிவினையூக்கியையும் (ஒளி பட்டால் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) சேர்த்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சுத்தமாகும், அதை முன்கூட்டியே கணக்கிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கிடலாம், ஆனால் ஒரே சமன்பாட்டில் அடங்காது.

முதலில் ஒன்று: நியூவாட்டரில் புற ஊதா ஒளியே கிருமியின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. ஒளிவினையூக்கி வேறு கதை. சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீள ஒளி பட்டால் அதில் ஓர் எலக்ட்ரான் எழும்பும். அது விட்டுப்போகும் துளை, தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை (இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட, உடனே வினைபுரியும் துகளை) உண்டாக்கும். சாயம், மருந்து எச்சம், பாக்டீரியாவின் உறை எல்லாவற்றையும் தாக்குவது முக்கியமாக அதுதான்.

வேகத்தைக் கணக்கிடப் பெரும்பாலும் லாங்முயர்–ஹின்ஷெல்வுட் சமன்பாடு. மாசு வினையூக்கியின் பரப்பில் இடம்பிடித்து வினைபுரிகிறது, அந்த இடங்களுக்கு ஓர் அளவு உண்டு என்பதே அதன் அடிப்படை. மாசு குறைவாக இருந்தால் வேகம் அதன் செறிவோடு ஏறும், பிறகு நின்றுவிடும். தேக்கா உணவங்காடியில் மேசைகள் நிறைந்தபின் கூட்டம் கூடினாலும் சாப்பிடுகிறவர்கள் கூடுவதில்லையே, அப்படி.

உண்மையான தலைவலி ஒளிதான். மங்கலான ஒளியில் வேகம் நேர்விகிதம். பளீரென்றால் எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சேர்ந்துவிடுவதால், வேகம் ஒளியளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் ஏறும். வினையூக்கித் தூளை அதிகம் கொட்டினால் அதுவே நிழல் போடும். ஆகவே ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) ஒவ்வொன்றும் எங்கே சிதறுகின்றன என்று, தற்செயல் எண்களைக் கொண்டு கணினியில் கணக்கிடும் மான்டே கார்லோ முறையில் பின்தொடர்கிறார்கள்.

அப்புறம், காய்ச்சி வடித்த நீரில் அளந்த வேக மாறிலியை (சமன்பாட்டில் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) கழிவுநீருக்குப் போடாதீர்கள். பைகார்பனேட்டும் இயற்கைக் கரிமப் பொருளும் தனியுறுப்புகளை விழுங்கிவிடும்.