வென்றவருக்கும் ஒன்பது, தோற்றவருக்கும் ஒன்பது

கேள்வி: 2008 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சியின் பிரைமரி தேர்தலில் (அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி நடத்தும் முதற்கட்டத் தேர்தல்) ஹிலாரி கிளின்டன் வென்றார். ஆனாலும் அவருக்கும் ஒபாமாவுக்கும் சம எண்ணிக்கையில்தான் பிரதிநிதிகள் கிடைத்தார்களாமே, எப்படி?

பதில்: பிரைமரியில் மக்கள் போடும் வாக்கு, வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் கட்சி மாநாட்டில் யாருக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பதையே முடிவு செய்கிறது. ஜனநாயகக் கட்சியில், 15 சதவீதத்துக்குக் குறையாமல் வாக்குப் பெற்றவர்களுக்கிடையே அந்த இடங்கள் விகிதாசாரப்படி பங்கிடப்படுகின்றன. கிளின்டன் ஏறத்தாழ 39 சதவீதமும் ஒபாமா 36 சதவீதத்துக்குச் சற்று மேலும் பெற்றதால், அந்தச் சிறிய இடைவெளி பங்கீட்டில் கரைந்து, ஆளுக்கு 9 பேர் கிடைத்தனர்; 17 சதவீதம் பெற்று மூன்றாவதாக வந்த எட்வர்ட்ஸுக்கு 4 பேர். கருத்துக்கணிப்புகள் ஒபாமாவே முந்துவார் என்று சொல்லியிருந்ததால்தான் கிளின்டனின் வெற்றி அத்தனை பெரிதாகப் பேசப்பட்டது. நள்ளிரவிலேயே வாக்களித்து முடிக்கும் டிக்ஸ்வில் நாட்ச் என்ற குக்கிராமத்தில் அன்று ஒபாமாவுக்கு 7 வாக்கு, கிளின்டனுக்கு ஒன்றுகூட இல்லை!

கேள்வி: பிரைமரியில் வென்றும் தோற்றவர் உண்டா?

பதில்: உண்டு. 1968இல் அதே மாநிலத்தில், வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத அதிபர் ஜான்சன், ஆதரவாளர்கள் கைப்பட எழுதிப் போட்ட வாக்குகளால் சுமார் 49 சதவீதம் பெற்று முதலிடம் பிடித்தார். ஆனால் வியட்நாம் போரை எதிர்த்து அவருக்கு எதிராக நின்ற அதே கட்சியின் மெக்கார்த்தி 42 சதவீதம் வரை வந்துவிட்டதால், அதை யாரும் வெற்றியாகக் கொள்ளவில்லை. அந்த மார்ச் 31ஆம் தேதியே ஜான்சன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.