"வேலையை விடுறதுக்கு முன்னாடி இன்னொரு டாப்-அப் எடுத்துக் குடு அக்கா"

கேள்வி: நான் மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வீடு வீடாகச் சென்று சர்வே எடுக்கும் நிறுவனம் ஒன்றில் நான்கு வருடமாக வேலை, கைக்கு 44,000 ரூபாய் வருகிறது. தேவனாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேர இன்னும் மூன்று மாதம் உண்டு. வீட்டில் அப்பா, அம்மா, 78 வயது ஆச்சி. அப்பாவுக்கு பி.எஃப்., பென்ஷன் எதுவும் இல்லை. சொந்த ரூம் என்பதால் வாடகை இல்லை. ஆச்சிக்கு ஆறு பிள்ளைகள். அப்பா அம்மாவுக்கு நானும் தம்பியும் மட்டும்தான். தம்பி தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்காக 2021-இல் என் பெயரில் 2 லட்சம் தனிநபர் கடன் எடுத்தேன். பிறகு மூன்று முறை டாப்-அப், அதாவது அதே கடன்மேல் கூடுதல் கடன். இப்போது பாக்கி 4,20,000, வட்டி 14 சதவீதம், தவணை 9,770. தான் கட்டுவதாகச் சொன்னான், வருடத்தில் நான்கைந்து மாதம்தான் கட்டுகிறான். இப்போது, சம்பளச் சீட்டு இருக்கும்போதே இன்னொரு 2 லட்சம் எடுத்துத் தரச் சொல்கிறான். வங்கியில் ஒருவர் வருடம் 60,000 கட்டும் பென்ஷன் பாலிசி போடச் சொல்கிறார். கையில் எஃப்.டி. 1,60,000, மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி.-யில் 1,90,000 இருக்கிறது. நான் படிக்கப் போகலாமா?

பதில்: போங்கள். நீங்கள் இருக்கும் துறைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை. 1956-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1992-93 முதல் தேசிய குடும்ப நல ஆய்வை ஒருங்கிணைத்து வருவதும் அதுதான். இத்தனை நாள் நீங்கள் வாசல் வாசலாகக் கேட்டு எழுதிய விடைகள் எப்படி அட்டவணையாகின்றன, அதை வைத்து அரசு என்ன முடிவெடுக்கிறது என்பதை அங்கே கற்பீர்கள். 2011-க்குப் பிறகு நடக்காமல் இருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல் வருகிறது. அந்தத் தரவைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும். பெரிய சம்பளத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

ஆனால் டாப்-அப் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் இளகக் கூடாது.

உங்கள் குடும்பத்தில் தப்பு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். 2021-இல் எடுத்த 2 லட்சத்துக்குத் தவணை சுமார் 4,650 வந்திருக்கும். ஐந்து வருடக் கடன், 2026-இல் முடிந்திருக்கும். ஒவ்வொரு டாப்-அப்பிலும் வங்கி பழைய பாக்கியைப் புதுக் கடனோடு சேர்த்து, மறுபடி முதல் மாதத்திலிருந்து ஐந்து வருடம் எண்ண ஆரம்பிக்கிறது. தவணைக் கடனில் ஆரம்ப மாதங்களில்தான் வட்டி அதிகம். 4,20,000-க்கு ஒரு மாத வட்டி மட்டும் 4,900. நீங்கள் கட்டும் 9,770-இல் பாதி அதற்கே போகிறது. இத்தனை வருடம் கட்டியும் முதலை விட இரண்டு மடங்குக்கு மேல் பாக்கி நிற்பதற்குக் காரணம் இந்த டாப்-அப்களும் இந்த வட்டியும்தான். இன்னும் 2 லட்சம் சேர்த்தால் 6,20,000. தவணை ஏறக்குறைய 14,400. படிக்கும் 24 மாதத்துக்குக் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம். சம்பளம் இல்லாத நீங்கள் எங்கே போவீர்கள்? தம்பி கட்டாவிட்டால் வங்கி கூப்பிடப்போவது உங்களைத்தான், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் கெடுவதும் உங்களுக்குத்தான்.

வகுப்பில் சார்பு விகிதம் என்று ஒரு கணக்கு வரும். 15 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் உழைப்பவர்கள். சிறுவர்களும் 60-ஐத் தாண்டியவர்களும் அவர்களைச் சார்ந்தவர்கள். ஆச்சி சார்ந்தவர், சரி. அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறார்கள், அதுவும் சரி. உழைக்கும் வயதுக்காரனான தம்பியும் உங்கள் வீட்டில் சார்ந்தவர்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறானே, அதுதான் பிரச்சினை. ஆச்சிக்கு ஆறு, உங்கள் அப்பாவுக்கு இரண்டு. இது உங்கள் குடும்பத்தில் மட்டும் நடந்ததல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரியாக 1.8 குழந்தைகள்தான். 2036 வாக்கில் அங்கே ஐந்தில் ஒருவர் 60 வயதைக் கடந்திருப்பார் என்று மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு கணித்திருக்கிறது. பெரியவர்களின் செலவைத் தாங்கும் தோள்கள் குறைந்துவிட்டன. இருக்கும் இரண்டில் ஒன்று தன் பங்கையும் மற்றதின் தலையில் வைக்கக் கூடாது. பெற்றவர்களுக்குச் செய்வதை நான் ஒருபோதும் தடுக்கமாட்டேன். பட்டறையின் நஷ்டத்தை நீங்கள் தாங்குவது அந்தக் கணக்கில் வராது.

இந்த மூன்று மாதத்தில் என்ன செய்யலாம்? எஸ்.ஐ.பி. பணத்தை எடுத்துக் கடனில் கட்டிவிடுங்கள். 14 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு ஃபண்டில் போடுவது எனக்கு ஒத்துவராத காரியம். முன்கட்டணத்துக்கு வங்கி ஏதாவது பிடிக்குமா என்று கேளுங்கள், பிடித்தாலும் கட்டுங்கள். பாக்கி சுமார் 2,30,000-க்கு இறங்கும். வழக்கமாக, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறையுங்கள் என்பேன். உங்களுக்கு மட்டும் மாற்றிச் சொல்கிறேன். தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 5,350 பக்கம் வரும். இரண்டு வருடத்துக்கு 1,28,000. எஃப்.டி. இதற்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும். படிப்புக் கட்டணத்துக்கு இந்த மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடியுங்கள். போதாவிட்டால் அந்தக் கட்டணத்துக்கு மட்டும் கல்விக் கடன். உதவித்தொகை வந்தால் வரட்டும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

தம்பியிடம் தவணைப் பணம் கேட்காதீர்கள். நான்கு வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டீர்கள். வீட்டுச் செலவை அவன் ஏற்கட்டும். மாதம் 10,000, ஐந்தாம் தேதிக்குள் அம்மாவின் கணக்கில். அரிசி வாங்கக் காசில்லை என்று அம்மா கேட்டால் அவனால் தட்டமுடியாது. பட்டறைக்குப் பணம் வேண்டுமென்றால் சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்து, சிறுதொழில்களுக்குத் தரும் முத்ரா கடனுக்கு அவன் பெயரில் விண்ணப்பிக்கட்டும். "உன் பேர்லன்னா உடனே கிடைக்கும் அக்கா" என்பான். கிடைக்கும் என்பது எடுப்பதற்குக் காரணமாகாது.

ஆச்சியின் செலவு ஆறு பிள்ளைகளுக்கும் உரியது. பெரியப்பாக்கள், அத்தைமாரிடம் ஆளுக்கு மாதம் ஆயிரம் என்று அப்பா கேட்கட்டும். நீங்கள் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவு தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை இருக்கிறது. ஆச்சியின் ஆதாரை வைத்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

பென்ஷன் பாலிசி வேண்டவே வேண்டாம். இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் இருக்கப்போகிறவருக்கு வருடம் 60,000 கட்டும் திட்டத்தை விற்கிறார் என்றால், அவர் உங்கள் நிலைமையையே கேட்கவில்லை. "உத்தரவாத" வருமானம் என்று சொல்லப்படுபவற்றில் பலவும் கணக்குப் போட்டால் 5-6 சதவீதத்தில்தான் நிற்கும். இடையில் நிறுத்தினால் கட்டியதில் ஒரு பகுதி போய்விடும். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வங்கிக்காரரிடம் வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.