கிளாசிக் கார் டைகாஸ்ட் மாடல் சேர்க்க எந்த அளவு, எந்த பிராண்டு நல்லது?

டைகாஸ்ட், அதாவது உருகிய துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யும் மாடல் கார்களை 1:64, 1:43, 1:18 மூன்றில் எதில் ஆரம்பிக்கலாம், எந்த பிராண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். 1:43 என்றால் நிஜக் காரின் நீளத்தில் 43ல் ஒரு பங்கு. பழைய கார்கள்தான் இலக்கு என்றால் என் ஓட்டு 1:43க்கு.

கணக்கு போட்டுப் பாருங்கள். அம்பாசடர் நிஜத்தில் ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். 1:18 மாடல் 24 செ.மீ. வரும், நாலு கார் வைத்தால் ஒரு தட்டு நிறைந்துவிடும். 1:64 மாடல் ஏழு செ.மீ. கூட வராது, கிரில் கம்பியெல்லாம் வெறும் வெள்ளிப் பூச்சாகிவிடும். 1:43 என்றால் பத்து செ.மீ. விளக்கு வளையம், பம்பர் வளைவு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். டிங்கி என்ற பழைய பிரிட்டிஷ் பொம்மை கார்களின் வழியில் வந்த அளவும் இதுதான்.

ஹாட் வீல்ஸ் பற்றி ஒன்று. எல்லா வண்டியும் ஒரே அட்டையில் அடங்க வேண்டும் என்பதால் அளவை முன்னே பின்னே மாற்றிவிடுவார்கள். பஸ்ஸும் சின்னக் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம் இருக்கும். விளையாட அது போதும். 1:64லேயே அளவு பிசகாமல் வேண்டுமென்றால் மினி ஜிடி மாதிரி பிராண்டுகளைப் பாருங்கள்.

நான் ஓசூரில் ஒரு டை காஸ்டிங் கம்பெனியில் வேலை பார்ப்பவன். மாடல் கையில் வந்ததும் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். சாதா ஹாட் வீல்ஸில் பெரும்பாலும் அடிப்பக்கம் பிளாஸ்டிக். பிரீமியம் வரிசையில் அடியும் உலோகம், டயரும் ரப்பர். அப்புறம் கண்ணாடித் தூண்களின் விளிம்பில் நகத்தை ஓட்டுவேன். டை (வார்ப்பு அச்சு) தேய்ந்திருந்தால் அங்கே பிசிறு தட்டும், பெயின்ட் அடித்தும் மறையாது. கதவுக் கோட்டையும் பாருங்கள். பெயின்ட் தடிமனாக இருந்தால் கோடு அடைந்துபோய், கதவு வரைந்து வைத்தது போல் இருக்கும்.

கனமாக இருந்தால் உசத்தி என்று நம்பாதீர்கள். 1:18ல் பெயர்பெற்ற ஆட்டோஆர்ட் நிறுவனமே பல மாடல்களுக்கு பிளாஸ்டிக் உடலுக்கு மாறியது. துத்தநாகக் கலவையில் ஓரளவுக்கு மேல் மெல்லிசாக வார்க்க முடியாது. பிளாஸ்டிக்கில் இடைவெளி நறுக்கென்று வரும். பணத்துக்கு ஏற்ற 1:18 வேண்டுமானால் மைஸ்டோ, புராகோ. கதவு திறக்கும், இடைவெளி கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

மிகப் பழைய மாடல் வாங்கும்போது மட்டும் உஷார். அந்தக் காலத்துக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே உப்பி, விரிசல் விட்டு, உதிர ஆரம்பிக்கும். போருக்கு முந்தைய டிங்கிகளில் இது சகஜம். பசை போட்டு ஒட்டியெல்லாம் காப்பாற்ற முடியாது. ஈரம் பட்டால் இன்னும் வேகமாகப் போகும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஃபேன்ஸி ஸ்டோர்களில் தொங்குவது பெரும்பாலும் சாதா ஹாட் வீல்ஸ்தான். மற்றதற்கு பெங்களூரு போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைன். ஆன்லைனில் அம்பாசடர் தேடினால் சென்டி கம்பெனியின் கார் முதலில் வரும். பின்னால் இழுத்துவிட்டால் ஓடும், ஆனால் பிளாஸ்டிக். டைகாஸ்ட் என்று தலைப்பில் போட்டு விற்பவரும் உண்டு. விற்பவரிடம் அடிப்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.