பாறையை உடைக்கும் பிட்: கேள்விகளும் பதில்களும்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளில் ஹாமருக்குக் கீழே பொருத்தப்படும் பட்டன் பிட்டை வடிவமைப்பது என் தொழில். பிட் என்பது பாறையை உடைக்கும் எஃகுத் தலை; அதன் முகத்தில் பதித்த கடினமான குமிழ்கள்தான் பட்டன்கள். தேய்ந்தும் உடைந்தும் திரும்பி வரும் பிட்டுகளை மேசையில் வைத்துக் காரணம் தேடுவது அதில் பாதி வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை இணைத்துவிட்டேன். “எந்தக் கம்பெனி பிட் வாங்கலாம்?” என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அதற்கான பதில் பாதி உங்கள் கம்ப்ரசரிலும் மீதி உங்கள் பாறையிலும் இருக்கிறது.

கேள்வி (விவசாயி, பெருந்துறை): எங்கள் தோட்டத்தில் போர் போட்டபோது ராடு சுற்றிக்கொண்டே இறங்கியது. பிட் பாறையைக் குடைகிறதா, அடிக்கிறதா?

பதில்: அடிக்கிறது. சுற்றுவதெல்லாம் அடுத்த அடி புது இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக மட்டுமே. கம்ப்ரசர் காற்று ராடு வழியாக ஹாமருக்குள் இறங்கி, உள்ளேயிருக்கும் பிஸ்டனை நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்குகிறது. பிஸ்டன் நேராகப் பிட்டின் மேல்முனையில், அதாவது ஷாங்கில், அடிக்கிறது. ஹாமர் குழியின் அடியிலேயே இருப்பதால், ஆழம் நூறு அடியானாலும் ஆயிரம் அடியானாலும் பிஸ்டன் அடிக்கும் வலு ராடுகளில் கரைந்துபோவதில்லை. பட்டன் படும் இடத்தில் பாறை பொடியாகி, சுற்றிலும் விரிசல் ஓடிச் சில்லுகள் பெயர்கின்றன. வேலை முடித்த காற்று பிட்டின் முகத்திலுள்ள துளைகள் வழியே வெளியேறி அந்தத் தூளை மேலே தள்ளிவிடுகிறது. பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணியை வெளுப்பாக்குவது அந்தத் தூள்தான்.

கேள்வி (இயந்திரவியல் மாணவி, கோவை): சார், ஒரு பிட்டை வடிவமைக்கும்போது எங்கிருந்து தொடங்குவீர்கள்? முகத்தின் நடுவிலிருந்தா?

பதில்: வெளி வரிசையிலிருந்து. காட்டலாக் படங்களில் நடுப்பகுதி அழகாகத் தெரியும். பிட்டின் ஆயுள் விளிம்பில் இருக்கிறது. ஆறரை இஞ்ச் பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 165 மி.மீ. விட்டம். வெளி வரிசையில் 16 மி.மீ. பட்டன்கள் என்றால், அந்த 16 மி.மீ. அகல வளையம் மட்டுமே குழியின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 35 சதவீதம். இரு பக்கமும் 16 போக உள்ளே மிஞ்சும் 133-ஐ 165-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள். அதிக தூரம் ஓடுவதும் அந்த வரிசைதான், குழிச் சுவரில் உரசுவதும் அதுதான்.

ஆகவே வெளி வரிசையில் எத்தனை பட்டன், என்ன விட்டம், என்ன சாய்வு என்பதை முதலில் முடிவு செய்வேன். சாய்வு பெரும்பாலும் 35 டிகிரியை ஒட்டி அமையும். அதைக் கூட்டிக்கொண்டே போனால், அடி பட்டனின் அச்சிலிருந்து விலகிப் பட்டனை வளைக்கப் பார்க்கும். குறைத்தால் சுவர்ப் பக்கத்தில் பட்டனுக்கு முன்னால் எஃகு உடல் தேயத் தொடங்கும். அதன் பிறகு உள் பட்டன்கள். ஒவ்வொன்றும் தன் வட்டத்தில் ஓடும்போது, எந்த வட்டமும் அடிபடாமல் விட்டுப்போகக் கூடாது. அடுத்தது காற்றுத் துளையும் தூள் வெளியேறும் பள்ளமும். சண்டையே இங்கேதான். பள்ளத்தை அகலமாக்கினால் தூள் நன்றாகப் போகும், ஆனால் பட்டனைப் பிடித்திருக்கும் எஃகு மெலிந்துவிடும். இரண்டையும் முழுமையாகக் கொடுக்கிற வடிவம் கிடையாது. எந்தப் பாறைக்கு என்று முடிவு செய்யாமல் வரைபடத்தைத் தொடவே முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி (ரிக் உரிமையாளர், திருச்செங்கோடு): ஒரே மாடல் பிட். நாமக்கல் பக்கம் நன்றாக ஓடியது. கடப்பா பக்கம் கொண்டுபோனதும் வெளி வரிசை மொட்டையாகிவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன். போலிச் சரக்கா?

பதில்: பிட்டைத் திட்டுவதற்கு முன் பாறையைப் பாருங்கள். கடினமான பாறை வேறு, அரிக்கும் பாறை வேறு. உங்கள் பக்கத்து சார்னோகைட்டும் நைஸும் உடைய மறுக்கும் கற்கள். பல்லாவரத்துக் குன்றுகளில் இருப்பதும் இந்த சார்னோகைட்தான். கடப்பாப் பக்கம் குவார்ட்சைட் வரும். அது ஏறக்குறைய முழுக்க நாம் வெங்கச்சங்கல் என்கிறோமே, அந்தக் குவார்ட்ஸ் தாது. ஒவ்வொரு அடியிலும் பட்டனை உப்புத்தாளில் தேய்ப்பது போல் தேய்த்துவிடும்.

உங்கள் படத்தில் தெரிவது நுனி கூரான பாலிஸ்டிக் பட்டன். மென்மையான பாறையில் அது ஆழமாக இறங்கி வேகம் கொடுக்கும். குவார்ட்சைட்டில் கூர் முதலில் போகும், பிறகு பட்டனே உடையும். அங்கே அரைக்கோளப் பட்டனும் தட்டை முகமும் போடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் பிட் பல போர்களுக்கு நிற்கும். பிளவு நிறைந்த பாறையில் குழி கோணிக்கொண்டு போகிறது என்றால், நடுவில் குழிந்த முகம் நேராகப் போக உதவும்.

பட்டனின் உலோகமும் மாற வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட் பிணைத்து வைத்திருக்கிறது. பாறை பிட்டுகளில் 6 சதவீதக் கோபால்ட் வழக்கமான கலவை. கோபால்ட் கூடினால் உடையாது, ஆனால் தேயும்; குறைந்தால் தேயாது, ஆனால் உடையும். இந்தக் கலவை பாறைக்காகப் பிறந்ததே இல்லை. 1920-களில் ஜெர்மனியில் ஓஸ்ராம் பல்ப் நிறுவனத்தில், டங்ஸ்டன் இழையை இழுக்கும் வைர அச்சுக்கு மாற்றாகக் கண்டுபிடித்தார்கள். க்ரூப் நிறுவனம் அதை விடியா என்ற பெயரில் விற்றது. நம் பட்டறைகளில் பழைய ஆட்கள் இன்றும் எந்தக் கார்பைடையும் விடியா என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி (டிரில்லர், ராசிபுரம்): தேய்ந்த பட்டனுக்கு எப்போது கிரைண்டிங் போட வேண்டும்? ஓடுகிற வரை ஓட்டலாம் என்கிறார் முதலாளி.

பதில்: பட்டன் தலையில் தட்டையாகத் தேய்ந்த வட்டம், பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் நிறுத்துங்கள். 16 மி.மீ. பட்டனில் ஐந்தரை மி.மீ. போல வரும். அதற்கு மேல் ஓட்டினால் பட்டன் பாறைக்குள் இறங்காமல் மேலே மோதும், அந்த வலு முழுக்கப் பிட்டுக்குள் திரும்பும். முதலாளி மிச்சம் பிடிப்பது கிரைண்டிங் கூலி, இழப்பது பிட்டு.

இன்னொன்று. அரிக்காத பாறையில் பட்டன் தட்டையாகவே ஆகாது, புதுசு போல மின்னும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பாம்புச் செதில் போல நுண்ணிய விரிசல்கள் ஓடியிருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அந்தப் பட்டன்தான் ஒரு நாள் திடீரெனத் துண்டாகும். மேல் தோலை டயமண்ட் கப்பில் (வைரத்தூள் பதித்த அரைக்கும் கிண்ணத்தில்) லேசாக எடுத்துவிட்டால் பட்டன் பிழைக்கும். கிரைண்டிங்கின்போது தண்ணீர் விடுவதை நிறுத்தவே கூடாது. சூடான கார்பைடில் வெடிப்பு விழுந்துவிடும்.

கேள்வி (அதே டிரில்லர்): ஷாங்க் உடைந்து பிட் குழிக்குள் தங்கிவிடுகிறது. ஸ்டீல் சரியில்லையா?

பதில்: எஃகுக் குறையும் இருக்கலாம், ஆனால் அது பட்டியலில் கடைசி. பிஸ்டன் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஷாங்கில் மோதுகிறது என்று வையுங்கள். பிஸ்டனும் ஷாங்கும் ஒத்த குறுக்குப் பரப்பு கொண்டவை என்றால், எஃகில் ஏறத்தாழ 200 மெகாபாஸ்கல் அழுத்த அலை ஓடும். எஃகின் அடர்த்தியையும் அதில் ஒலி செல்லும் வேகத்தையும் மோதும் வேகத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் இந்த எண் வரும். பட்டன் பாறையில் பதிந்திருந்தால் அலையின் பெரும்பங்கைப் பாறை வாங்கிக்கொள்ளும். பிட் பாறையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தால்? அலை முகத்தில் பட்டு, இழுவிசையாக மாறித் திரும்பும். அழுத்தத்தைத் தாங்குகிற எஃகு, மாறி மாறி வரும் இழுவையில் சோர்ந்து, ஷாங்கின் நீளவாக்குப் பள்ளங்களான ஸ்ப்லைன் முடியும் மூலையிலோ காற்றுத் துளையின் ஓரத்திலோ விரிசல் விடும். அதனால்தான் அந்த மூலைகளில் கூர்மையே இல்லாமல் வளைவு கொடுத்து மெருகேற்றுகிறோம். நீங்கள் செய்ய வேண்டியது: அடிக்கும்போது பிட்டுக்கு மேல் போதிய எடை இருக்கட்டும், தூக்கி வைத்துக்கொண்டு ஹாமரை ஓட விடாதீர்கள், பிட்டைப் பிடித்திருக்கும் சக் தேய்ந்திருந்தால் அதில் புதுப் பிட்டை மாட்டாதீர்கள்.

கேள்வி (பட்டறை உரிமையாளர், சேலம்): பிட் உடலில் தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். அடுத்த போரிலேயே இரண்டு பட்டன் காணவில்லை என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

பதில்: வந்ததில் நியாயம் இருக்கிறது. பட்டன் ஒட்டப்படவில்லை, பற்றவைக்கப்படவும் இல்லை. தன்னை விட ஒரு மயிரிழை சிறிய துளையில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கிறது. அந்த வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சூடு ஏறினால் எஃகு, கார்பைடைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விரியும். 16 மி.மீ. பட்டனைச் சுற்றி 300 டிகிரி ஏறினால் பிடிமானத்தில் சுமார் 0.03 மி.மீ. போய்விடும். போதாததற்கு, அந்தச் சூட்டில் எஃகின் பதமும் கெடும்; ஆறிய பிறகும் பழைய பிடி திரும்பாது.

கேள்வி: சுற்று வேகத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியாதா?

பதில்: முடியாது, வெளி வரிசைதான் சீக்கிரம் முடியும். 165 மி.மீ. பிட்டின் சுற்றளவு 518 மி.மீ. நிமிடத்துக்கு 25 சுற்று, ஹாமர் அடிப்பது 1,600 முறை என்றால் ஒரு சுற்றுக்கு 64 முறை. அடிக்கு அடி விளிம்பு 8 மி.மீ. நகர்கிறது, அதாவது பட்டனில் பாதி. நல்ல நிலை. ஐம்பது சுற்றில் 16 மி.மீ. நகரும், இடையில் உள்ள பாறையைப் பட்டன் அடிக்காமல் உரசிக்கொண்டு கடக்கும். மிகவும் மெதுவாகச் சுற்றினாலோ உடைந்த தூளையே திரும்ப அடிப்பீர்கள். இடப்பக்கம் மட்டும் சுற்றவே வேண்டாம். இணைப்பு மரை கழன்றால் ஹாமர் கீழேயே தங்கும்.

கேள்வி: ஆறரை இஞ்சுக்கு அருமையாக ஓடிய கம்ப்ரசர், பத்து இஞ்ச் பிட் போட்டதும் திணறுகிறது. பிட்டில் துளை சிறிதோ?

பதில்: துளையைப் பெரிதாக்கினாலும் பயனில்லை. தூள் மேலே வர, குழிக்கும் ராடுக்கும் இடைப்பட்ட வெளியில் காற்று நொடிக்கு 15 மீட்டராவது ஏற வேண்டும். 600 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 600 கன அடி) காற்று, நாலரை இஞ்ச் ராடு என்றால் ஆறரை இஞ்ச் குழியில் 25 மீட்டர் கிடைக்கும். பத்து இஞ்சில் வெறும் 7. தூள் அடியிலேயே சுழன்று பிட்டை அரைக்கும். நுரை மருந்து கொடுங்கள், தடித்த ராடு போடுங்கள், அல்லது பெரிய கம்ப்ரசர் கொண்டுவாருங்கள்.

கேள்வி (ஆசிரியை, திருச்சி): 2019-இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோது, மீட்பதற்காகப் பக்கத்தில் குழி போட ஏன் அவ்வளவு நேரம் ஆனது? ஒரே நாளில் பல நூறு அடி போர் போடுகிறார்களே?

பதில்: எங்கள் தொழிலில் உள்ள எல்லோரையும் அப்போது இதே கேள்வி கேட்டார்கள். ஆள் இறங்க ஒரு மீட்டர் விட்டமாவது வேண்டும். ஆறரை இஞ்ச் குழியை விட அதன் பரப்பு ஏறத்தாழ 37 மடங்கு. அவ்வளவு பாறையை உடைக்க வேண்டும், அவ்வளவு தூளையும் வெளியேற்ற வேண்டும். மண்ணுக்கென்று செய்த சுரண்டும் பற்கள் அந்தப் பாறையில் வழுக்கும்.

அடித்து உடைக்கும் முறையிலும் பெரிய குழி போட முடியும் என்று 2010-இல் சிலி நாட்டு சான் ஹோசே சுரங்கத்தில் பார்த்தோம். 600 மீட்டருக்கும் கீழே சிக்கிய 33 பேருக்காக, பல சிறிய ஹாமர்களை ஒரே உறைக்குள் அடுக்கிய தலையை இறக்கினார்கள். முதலில் போட்ட ஐந்தரை இஞ்ச் குழியைப் பின்பற்றி 12 இஞ்ச், பிறகு 28 இஞ்ச் என்று அகலமாக்கிக்கொண்டே போனார்கள். சிறுகுழி முன்னால் இருப்பதால் பெரிய தலை உடைக்க வேண்டியது வளையத்தை மட்டும்தான். தூளும் அதன் வழியாகவே கீழே விழும். நடுவில் சுரங்கத்தின் இரும்புக் கம்பியில் மோதிப் பிட் உடைந்து, துண்டுகளை எடுத்த பிறகே தொடர முடிந்தது. கார்பைடு பாறைக்கானது, இரும்பில் அடித்தால் சில்லாகும். அக்டோபர் 9 அன்று குழி சுரங்கத்தைத் தொட்டது. ஆகஸ்ட் 5 அன்று சிக்கியவர்கள் அவர்கள். அந்தக் கால அளவு நமக்குக் கிடைப்பதில்லை, டீச்சர். கைவிட்ட போரை மூடிவைப்பதை விட விரைவான மீட்பு எதுவும் எனக்குத் தெரியாது.

கேள்வி: சாலையைத் தோண்டாமல் அடியில் கேபிள் குழாய் செலுத்துகிற காற்றுக் கருவிக்கும் இதே பிட்தானா?

பதில்: இல்லை. அது மண்ணை வெளியே எடுப்பதே இல்லை, பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு போகிறது. அதனால் தலை கூம்பாகவோ படிப்படியாகவோ இருக்கும். சில வகைகளில் உளித்தலை முதலில் முன்னேறிக் கல்லை உடைக்க, உடல் பின்னால் வரும். கருவியின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு ஆழமாவது வையுங்கள், இல்லாவிட்டால் தார்ச்சாலை மேலே புடைக்கும். பாறையில் அதை இறக்க வேண்டாம்.

கேள்வி (ரிக் மேலாளர், சங்ககிரி): பாதிக் குழியில் பழைய பிட்டை எடுத்துவிட்டுப் புதுப் பிட் போட்டோம், இறங்கும்போதே மாட்டிக்கொண்டது. என்ன செய்வது?

பதில்: பழைய பிட்டின் வெளி வரிசை தேயத் தேயக் குழியும் குறுகிக்கொண்டே வந்திருக்கும். முழு அளவுள்ள புதுப் பிட் அந்தக் குறுகிய இடத்தில் ஆப்பு போல் இறுகிவிட்டது. இப்போது முரட்டுத்தனமாக இழுக்காமல், காற்றைக் கொடுத்து வலப்பக்கம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே தூக்கிப் பாருங்கள். இனிமேல் வண்டியில் இருக்கும் பிட்டுகளை வெர்னியரில் அளந்து, உடலில் சாக்பீஸால் விட்டத்தை எழுதி வையுங்கள். குழியைப் பெரிய அளவில் தொடங்கிச் சிறிய அளவில் முடியுங்கள். கடைசி இருநூறு அடிக்கு, கிரைண்டிங் போட்ட பழைய பிட்டே போதும்.