ஊற்றுத் தண்ணீரும் ஐஸ் பெட்டியும்

அன்புள்ள ஐயா,

சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பயிற்சி. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் வேலை. புட்டியில் நிரப்பு, லேபிள் ஒட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கு, நாள் முழுக்க இதுதான். வகுப்பில் படித்த மென்பொருளைத் திறக்கவே விடவில்லை. உதவித்தொகையும் தரவில்லை. மிஞ்சியது, தண்ணீரின் உப்பை அளக்கும் குளோரைடு சோதனையில் வெள்ளி நைட்ரேட் பட்டு விரலில் ஏறிய கறுப்புக் கறைதான். ஓர் ஊரில் மணலில் ஊற்றுத் தோண்டி இறைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "குடிக்கலாமா தாயி?" என்று கேட்டார். "அறிக்கை வரும் அம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். இந்தப் படிப்பில் ஏதாவது இருக்கிறதா? நான் முனைவர் பட்டத்துக்குப் போகவா, வேலைக்குப் போகவா?

ம.

அன்புள்ள ம.,

உதவித்தொகை தராதது அயோக்கியத்தனம். எழுத்தில் கேளுங்கள். மென்பொருளுக்காக வருந்தாதீர்கள், அது எங்கும் ஓடிவிடாது. நான் நின்றுவிட்ட இடம் அந்த ஊற்று. கொஞ்ச காலமாக எனக்கும் அதே நினைப்புத்தான். நீங்களோ இரண்டு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

என் அத்தை வாலிநோக்கம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். விடுமுறைக்குப் போனால் விடியுமுன் எழுப்பிக் கூட்டிப்போவார். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மணல்மேட்டின் அடியில், கையால் தோண்டிய குழி. இரவு ஊறிக் கிடந்த தண்ணீரை முதலில் இறைத்துக் கொட்டிவிடுவார். புதிதாக ஊறும்வரை குந்தியிருப்பார். பிறகு சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்றுவார். நான் அவசரப்பட்டு அள்ளினால் கையில் ஓர் அடி விழும். "உப்பைக் கிளப்பாதே!"

அவர் அதட்டியதில் உங்கள் பாடப்புத்தகமே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் பாலாடைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தங்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். பின்னாளில் அந்தத் தெருவில் ஒருவர் மோட்டார் போட்டார். சில கோடைக்குள் அவர் வீட்டுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, பக்கத்து ஊற்றுகளும் கரித்தன. 1990களின் இறுதியில் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது, பிறகு காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. குழாயில் காற்று மட்டும் வரும் நாளில் கடைக்கோடி ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

உடனே, "நம் பாட்டிமார் அந்தக் காலத்திலேயே விஞ்ஞானிகள்" என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அத்தையின் நாக்குக்கு உப்பு தெரியும், நைட்ரேட் தெரியாது. யாருடைய நாக்குக்கும் தெரியாது. அதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. கடலோர ஊர்களில் இப்போது வீட்டுக்கு வீடு கழிப்பறைக் குழி இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் நைட்ரேட்டை மணல் தடுத்து நிறுத்தாது. லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் தீராது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

அந்த அம்மா உங்களிடம் உப்பைப் பற்றியா கேட்டார்? தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் உங்கள் டிடிஎஸ் மீட்டர் காட்டியதை அவர் நாக்கு எத்தனையோ வருடம் முன்பே காட்டியிருக்கும். தன் நாக்குக்கு எட்டாததைத்தான் கேட்டார். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அன்று அந்த மணலில் நீங்கள். நீங்கள் ஜீப்பில் ஏறிவிட்டீர்கள்! அறிக்கை வரும் என்றீர்களே, யாருக்கு வரும்? பணம் கொடுத்தவருக்கு வரும், ஆங்கிலத்தில் வரும், பின்னிணைப்பில் ஒரு மாதிரி எண்ணாக அந்த ஊற்று கிடக்கும். தண்ணீர் கொடுத்தவருக்கு முதலில் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது எந்த வகுப்பிலும் சொல்லித்தராத சங்கதியா? அந்த ஊரின் பெயரைக்கூட நீங்கள் எனக்கு எழுதவில்லை.

ஒப்பந்தப்படி முடிவுகள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பார்கள். இருக்கட்டும். ஊற்று நிறுவனத்துக்குச் சொந்தமில்லை. தை மாதம் நீங்களே போய் அதே குழியில் ஒரு புட்டி எடுங்கள், சித்திரையில் இன்னொன்று. கோடையில் ஒரே ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்து வருடம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதும் அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தை செய்ததுபோலப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு எடுங்கள், உங்கள் கையேடும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் கல்லூரி ஆய்வகத்திலோ குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ கொடுங்கள். முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதி உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராமசபையில் வாசியுங்கள். எந்த ஊற்றைக் குழந்தைக்குப் பயன்படுத்தலாம், எதைத் துவைக்க மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் போதும். குளோரைடு அட்டவணையை வாசித்தால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

முனைவர் பட்டமா வேலையா என்று கேட்டிருந்தீர்கள். கல்விக் கடன் இருந்தால் வேலைக்குப் போங்கள், இல்லையென்றால் இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். நைட்ரேட் எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு.